மொந்தாயு: ஒரு பிரான்சிய மலைக்கிராமத்தின் வாழ்வும் அதன் வாக்குமூலங்களும்

மத்தியகால ஐரோப்பாவின் வரலாற்றை எழுதியோர் நெடுங்காலமாக அரசரையும் பாப்பரசரையும், போரையும் உடன்படிக்கையையுமே தமக்குரிய பொருளாகக் கொண்டனர். அக்காலச் சனத்தொகையில் மிகப் பெரும்பான்மையினராயிருந்த குடியானவர் அவ்வரலாற்றில் இடம்பெற்றபோதும், வரி செலுத்துவோராகவும் பஞ்சத்தில் மடிவோராகவும் இடையிடையே கலகஞ் செய்வோராகவுமே இடம்பெற்றனர். இதற்கு வரலாற்றாசிரியரின் வர்க்க நோக்கு ஒரு காரணமெனின், சான்றுகளின் இயல்பு மற்றொரு காரணமாகும். குடியானவர் எழுதவில்லை. மடாலயங்களின் சாசனங்களில் நிலத்தைத் தானமாக வழங்கிய பிரபுவின் பெயர் இருக்கும். நிலத்தின் எல்லைகள் இருக்கும். நிலத்தோடு கைமாறிய பண்ணையடிமைகளின் தொகைகூடச் சிலவேளை இருக்கும். அம்மக்கள் தம்முள் என்ன பேசினர், எதனை அஞ்சினர், இறந்தோரைப் பற்றி என்ன எண்ணினர் என்பன அவற்றில் இரா.

இப்பொதுநிலைக்குப் புறநடையாக அமைவது தென்பிரான்சில், பிரனீஸ் மலைத்தொடரின் வடசாரலில், இன்றைய ஆரியேஜ் மாவட்டத்திலுள்ள மொந்தாயு என்னும் சிற்றூர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1300 மீற்றர் உயரத்தில் அமைந்த இவ்வூரில் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருநூறு முதல் இருநூற்றைம்பது பேர் வரையிற் குடியிருந்தனர். இவர்களுள் எழுத்தறிந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. எனினும் அக்கால ஐரோப்பாவின் வேறெந்தக் குடியானவரைப் பற்றியும் நாம் அறியாத அளவுக்கு இவர்களைப் பற்றி அறிகின்றோம். இவ்வறிவு நமக்கு எவ்வாறு கிட்டியது, அதற்காக அவ்வூர் கொடுத்த விலை யாது, அவ்விலையை மறந்து அவ்வறிவைப் பயன்படுத்தல் தகுமா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆயரின் பதிவேடு

பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளிலே தென்பிரான்சிற் பரவிய கதார் மதம், நல்லது தீயது என்னும் இரு தத்துவங்கள் உலகிற் பொருதுகின்றன என்றும், கட்புலனாகும் இவ்வுலகு தீய தத்துவத்தின் ஆக்கம் என்றும் போதித்தது. அதன் துறவியரை மக்கள் 'நல்ல மனிதர்' என்றனர். திருச்சபை இதனைப் பேதகம் எனக் கண்டித்து, 1209 இல் சிலுவைப்போர் தொடுத்தது. பின்னர் சமய விசாரணை மன்றுகளை நிறுவியது. நகரங்களிலும் சமவெளிகளிலும் இம்மதம் அழிக்கப்பட்ட பின்னரும், மலைப்பகுதிகளில் அது எஞ்சியிருந்தது. அக்சு என்னும் ஊரைச் சேர்ந்த நொத்தாரிசான பியேர் ஒத்தியே என்பவர் 1300 ஆம் ஆண்டையடுத்து அதற்குப் புத்துயிரூட்டினார். மொந்தாயுவில் வீட்டுக்கு வீடு அது நுழைந்தது. 1308 இல் கார்கசோன் விசாரணை மன்று ஊரிலிருந்த பராயமடைந்தோர் அனைவரையும் கைது செய்தது. 1310 இல் ஒத்தியே துலூசில் எரிக்கப்பட்டார்.

இதன் பின்னரே ஜாக் பூர்னியே அரங்கில் தோன்றுகின்றார். இவர் அப்பிரதேசத்திலேயே எளிய குடும்பமொன்றிற் பிறந்து, சிஸ்தேர்சியன் துறவியாகி, 1317 இல் பாமியேயின் ஆயரானவர். மலைவாழ் மக்களின் ஒக்சித்தான் மொழி இவருக்குத் தாய்மொழி. இது அற்பமான செய்தியன்று. விசாரிக்கப்பட்டோர் கூறியவற்றின் நுண்ணிய வேறுபாடுகளைப் பிடித்துக்கொள்ளும் வல்லமையை இதுவே அவருக்கு வழங்கியது. 1318 முதல் 1325 வரை அவரது மன்று 370 நாட்கள் அமர்ந்து 578 விசாரணைகளை நடத்தியது. சித்திரவதையை அவர் பெரிதும் நாடவில்லை. பொறுமையும் சிறையுமே அவருடைய கருவிகள். ஒரே வினாவைப் பலவாறு கேட்டு, ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடு ஒப்பிட்டு, முரண்பாடு தோன்றுமிடத்து மீண்டும் அழைத்துக் கேட்டார். அவருடைய தீர்ப்பினால் எரிக்கப்பட்டோர் ஐவர். சிறையிலடைக்கப்பட்டோரும், ஆடையின்மீது மஞ்சட் சிலுவை தைத்து அணியுமாறு பணிக்கப்பட்டோரும் பலர்.

இவ்வாயரே 1334 இல் பன்னிரண்டாம் பெனடிக்ற் என்னும் பெயரோடு பாப்பரசராகி அவிஞோனில் அரசோச்சியவர். அவர் தமது விசாரணைப் பதிவேடுகளையும் தம்மோடு கொண்டுசென்றார். அவற்றுள் ஒரு தொகுதி மட்டும் பிழைத்து, வத்திக்கான் நூலகத்தில் இலத்தீன் கையெழுத்துப் பிரதி 4030 என இன்றும் உள்ளது. ழான் துவெர்நுவா இதனை 1965 இல் மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். பத்தாண்டு கழித்து, 1975 இல், இமானுவேல் லெ ருவா லாதுரி இதனை ஆதாரமாகக் கொண்டு 1294 முதல் 1324 வரையான மொந்தாயுவைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். மார்க் புளொக், லூசியன் பெவ்ர் ஆகியோர் 1929 இல் தொடங்கிய 'அனால்' சஞ்சிகையின் மரபில் வந்தவர் இவர். லாங்கதொக் குடியானவர் பற்றிய இவரது முந்திய ஆய்வு விலை, வரி, சனத்தொகை என்னும் எண்களின் மீது எழுப்பப்பட்டது. மொந்தாயு நூலில் எண்கள் பின்னடைந்து மனிதர் முன்வருகின்றனர். கல்வியுலகுக்கு வெளியே அந்நூல் பெருந்தொகையான வாசகரைப் பெற்றமைக்கு இதுவே காரணம் எனலாம்.

வீடும் குடியும்

பதிவேட்டை வாசிப்போர் முதலில் எதிர்கொள்ளும் சொல் வீடு. இலத்தீனில் தோமுஸ், மக்கள் மொழியில் ஒஸ்தால். இச்சொல் கட்டடத்தையும் அதில் வாழும் குடும்பத்தையும் ஒருங்கே குறிக்கும். 'குடி' என்னும் நமது சொல் இதன் பொருளுக்கு ஓரளவு அண்மித்தது. ஒருவர் இன்னாரென அறியப்படுவது அவருடைய வீட்டால். பகையும் நட்பும் வீடுகளுக்கிடையிலேயே நிகழ்ந்தன. மதமும் வீடு வீடாகவே பரவியது. ஒரு வீட்டின் மூத்தோர் 'நல்ல மனிதரை' ஏற்றுக்கொண்டால் வீடு முழுவதும் பெரும்பாலும் அவ்வழி சென்றது.

வீட்டின் நடுவே அடுக்களை. அடுப்புத் தீ இரவிற் சாம்பலால் மூடிப் பேணப்பட்டது. ஆடவர் மேசையில் அமர்ந்து உண்ண, பெண்கள் அடுப்பைச் சூழ அமர்ந்தனர். குளிர்காலத்தில் ஆடும் பன்றியும் மனிதரோடு ஒரே கூரையின் கீழ் ஒடுங்கின. செல்வமுள்ள வீடுகளுக்கு மேல்மாடி அறையொன்று இருந்தது; அது தகுதியின் அடையாளம். ஏனைய வீடுகளின் கூரை எத்துணைத் தாழ்வானதெனில், உள்ளே நிகழ்வதைக் காணவிரும்பிய பெண்ணொருத்தி கூரையின் விளிம்பைத் தலையால் உயர்த்திப் பார்த்ததாகப் பதிவேடு கூறுகின்றது.

வீட்டுக்கு ஓர் ஊழ் அல்லது நற்பேறு உண்டென மக்கள் நம்பினர். ஊரின் முதன்மைக் குடும்பமான கிளெர்க் வீட்டின் தலைவர் இறந்தபோது அவருடைய தலைமயிரிலும் நகங்களிலும் சிறிது வெட்டியெடுக்கப்பட்டு வீட்டிற் பாதுகாக்கப்பட்டது. அவரோடு வீட்டின் பேறும் வெளியேறிவிடலாகாது என்பதே கருத்து. கிறித்தவமோ கதார் மதமோ இவ்வழக்கத்தைக் கற்பித்திருக்க முடியாது. இரண்டுக்கும் அடியில், இரண்டுக்கும் முந்தியதாக, வீட்டின் சமயம் ஒன்று இருந்ததெனவே கொள்ளவேண்டும். மொந்தாயுக் கோட்டைத் தலைவனின் மனைவியாக ஒருகாலத்தில் வாழ்ந்த பெயாத்ரிஸ் த பிளனிசோல் என்னும் சீமாட்டி 1320 இல் பிடிபட்டபோது, அவரது பையில் உலர்ந்த கொப்பூழ்க்கொடிகள் இருந்தன. தம் பெண்மக்கள் ஈன்ற ஆண் குழந்தைகளின் கொடிகள் அவை என்றும், வழக்குகளில் வெற்றிதரும் என ஒருவர் கூறக்கேட்டுக் காத்துவந்ததாகவும் அவர் விளக்கினார். சூனியம் என ஐயுற்ற மன்று அதனைக் குறித்துவைத்தது. குழந்தையின் பிறப்போடு நீதிமன்ற வழக்கை ஒரு பெண் எவ்வாறு தொடர்புபடுத்தினார் என்பது நமக்கு அதனாலேயே தெரிகின்றது.

ஊரின் விளைநிலம் வளமற்றது. கோதுமை, ஓட்ஸ், டேர்னிப், சணல் என்பன பயிராயின. முந்திரிக்கொடி அவ்வுயரத்தில் விளையாது. வைன் கோவேறு கழுதைகளிற் கீழிருந்து வந்தது. ஊரில் மாவு ஆலை இன்மையால் தானியத்தை அக்சு வரை சுமந்துசென்று அரைத்துவந்தனர். சக்கரவண்டி வழக்கில் இல்லை. பெண்கள் ஊற்றிலிருந்து நீரைத் தலையிற் சுமந்தனர். அவ்வழியிலும், வெயிலில் அமர்ந்து ஒருவருக்கொருவர் பேன் பார்க்கையிலும் ஊர்ச்செய்திகள் கைமாறின. பேன் பார்த்தல் இங்கு உறவின் அடையாளமாயிருந்தது. தாய் மகனுக்கும், காதலி காதலனுக்கும், பணிப்பெண் வீட்டாருக்கும் பேன் பார்த்தனர். பதிவேட்டிற் பேதகம் பற்றிய உரையாடல்கள் பல இவ்வேளைகளிலேயே நிகழ்கின்றன.

காலத்தை அளக்க மணிக்கூடு இல்லை. இரண்டு செபஞ் சொல்லும் நேரம், கோழி கூவிய பொழுது, சகல அர்ச்சிட்டவர் திருநாளையடுத்து என்றவாறே சாட்சிகள் காலங் குறித்தனர். ஆண்டுகளைப் பொறுத்தவரை அவர்களது நினைவு தளர்வானது. உரையாடல்களைப் பொறுத்தவரை வியக்கத்தக்க துல்லியமுடையது.

நிலத்திலும் மேலாக ஆடே செல்வம். இளைஞர் பலர் இடையராகி, கோடையில் உயர்ந்த மேய்ச்சல் நிலங்களுக்கும், குளிர்காலத்தில் தெற்கே கத்தலோனியா வரையும் மந்தைகளோடு சென்றனர். பியேர் மோரி என்னும் இடையர் இவர்களுள் நம் கவனத்தைப் பெரிதும் ஈர்ப்பவர். சொந்தமாகச் சில ஆடுகளும், பிறர் மந்தையை மேய்த்துப் பெறும் கூலியும் தவிர அவருக்கு வேறு உடைமையில்லை; தனக்கென ஒரு வீடும் இல்லை. ஆயினும் மலைக் குடில்களிற் பாற்கட்டி செய்து, பல ஊரவரோடு உண்டு உறங்கி, நண்பருக்காகப் பலமுறை இடருக்குட் புகுந்தவர். தப்பிச்செல்லுமாறு அறிவுறுத்தப்பட்டபோது, தம் ஊழ் எதுவோ அதுவே நிகழும் என்ற கருத்தில் விடையளித்தார். லெ ருவா லாதுரி இவரை மகிழ்வான ஏழையாகச் சித்திரித்துள்ளார். அச்சித்திரம் சற்று மிகைப்படுத்தப்பட்டது என்பதே எம் கருத்து. தனக்கென வீடமைக்க வழியற்றவனின் சுதந்திரம், அச்சமூகத்தின் அளவுகோலின்படி ஓர் இழப்பாகவும் இருந்திருக்க வேண்டும்.

ஆட்டின் மீதுதான் திருச்சபையின் கையும் நீண்டது. கால்நடைகள் மீதான தசமபாகத்தை அறவிடுவதற்குப் பாமியே ஆயர்கள் முனைந்தமை இம்மலைமக்களின் நெடுநாட் குறைபாடு. ஆன்மாவின் நிலைபற்றி நுட்பமாக விசாரித்த பூர்னியே இவ்விடயத்திலும் கண்டிப்பானவர். 1323 இல் ஏற்பட்ட உடன்பாடு அவ்வறவீட்டை நிலைநிறுத்தியது. பேதகத்தை நாடிய மக்களின் உள்ளத்திலே தசமபாகத்தின் மீதான வெறுப்புக் கலந்திருந்தமையைப் பதிவேட்டின் பல இடங்கள் உணர்த்துகின்றன. மதத்தையெல்லாம் பொருளாதாரமாகச் சுருக்குதல் பிழை. ஆயினும் ஆயரின் இரு பணிகளையும் தனித்தனி அறைகளில் வைத்து நோக்குதலும் பிழையே.

கிளெர்க் சகோதரர்

ஊரின் அதிகாரம் கிளெர்க் வீட்டிற் குவிந்திருந்தது. அண்ணன் தம்பியருள் பேர்னார் பிரபுவின் அலுவலர். வரியும் வாரமும் அவர் கையில். பியேர் ஊரின் குருவானவர். இக்குருவானவர் கத்தோலிக்கத் திருப்பலி நிகழ்த்திக்கொண்டே கதார் மதத்தையும் ஆதரித்தார். பல பெண்களோடு அவர் கொண்ட தொடர்புகளைப் பற்றி நூல்கள் விரிவாகவே பேசுவதால் நாம் அவற்றைக் கடந்துசெல்லலாம். நமக்கு முக்கியமானது அவர் விசாரணை மன்றைப் பயன்படுத்திய முறை. கார்கசோன் மன்றின் நம்பிக்கைக்குரியவராகி, தம் வீட்டுக்கு வேண்டியவரைக் காத்து, வேண்டாதவரைக் காட்டிக்கொடுத்தார். கிளெர்க் வீட்டாரின் பேதகத்தை வெளியிட்ட மெங்கார்த் மோர் என்னும் பெண்ணின் நாக்கு அறுக்கப்பட்டது. வெளியிலிருந்து வந்த அடக்குமுறை ஊரிலே ஏற்கெனவே நிலவிய பகைகளின் வழியாகவே உட்புகுந்தது என்பதற்கு இதனிலும் கொடிய சான்று தேவையில்லை. இறுதியில் பூர்னியேயின் மன்று கிளெர்க் சகோதரரையும் பிடித்தது. குருவானவர் சிறையில் இறந்தார். அவரை மீட்கத் தம் செல்வத்தைச் செலவிட்ட பேர்னாரும் அவ்வழியே முடிந்தார்.

கடைசி 'நல்ல மனிதரான' கியோம் பெலிபாஸ்த் பிடிபட்ட வரலாறும் வீட்டையே மையமாகக் கொண்டது. அர்னோ சிக்ர் என்பவரின் தாய் பேதகத்துக்காக எரிக்கப்பட்டவர். அவரது அக்சு வீடு பறிமுதலாயிற்று. அவ்வுடைமையை மீளப்பெறும் எண்ணத்துடன் சிக்ர் ஒற்றனானார். பிரனீசுக்குத் தெற்கே தலைமறைவாய் வாழ்ந்த பெலிபாஸ்தின் குழுவில் பக்தர்போல் நுழைந்து, அவரை வடக்கே அழைத்துவந்து காட்டிக்கொடுத்தார். 1321 இல் பெலிபாஸ்த் எரிக்கப்பட்டார். தாயைக் கொன்ற மன்றுக்கு மகன் தொண்டு செய்து தாயின் வீட்டை மீட்க முயன்றான் என்பதை இன்றைய வாசகர் வெறும் துரோகம் என ஒதுக்கிவிடலாம். ஒஸ்தால் என்பதன் பொருளை உணர்ந்தவருக்கு அது அத்துணை எளிதன்று.

யாருடைய குரல்?

இவ்வாறு பெறப்பட்ட செய்திகளை எவ்வளவு நம்பலாம்? சாட்சி ஒக்சித்தான் மொழியில், சத்தியஞ் செய்து, சிறையின் நிழலில் நின்று பேசினார். எழுத்தர் அதனை இலத்தீனிற் குறித்தார். குறிப்பு மீண்டும் மக்கள் மொழியில் சாட்சிக்கு வாசித்துக் காட்டப்பட்டு, பின்னர் தோலேட்டில் இலத்தீனிற் செம்மையாக எழுதப்பட்டது. 'நான்' பெரும்பாலும் 'அவள்' ஆயிற்று. லெ ருவா லாதுரி அதனைப் பிரெஞ்சில் வழங்கினார். இக்கட்டுரையை வாசிப்போர் இன்னும் ஒரு படி அப்பால் நிற்கின்றனர்.

இவ்விடர்ப்பாடு ஆய்வாளராற் கவனிக்கப்படாமலில்லை. தொல்லெழுத்து அறிஞரும் தொமினிக்கன் துறவியுமான லெனாட் பொயில் 1981 இல், பதிவேட்டைக் கையாண்டதில் லெ ருவா லாதுரி விட்ட பிழைகளைக் கடுமையாகச் சுட்டினார். நத்தலி டேவிஸ் 1979 இலேயே, வாக்குமூலங்கள் கதைசொல்லும் மரபுக்கு உட்பட்டவை என்னும் பார்வையில் அவற்றை அணுகினார். மானிடவியலாளர் றெனாட்டோ றொசால்டோ 1986 இல் இன்னும் அடிப்படையான வினாவை எழுப்பினார். விசாரணையாளரை ஒரு கள ஆய்வாளராகக் காட்டும்போது, கேட்பவருக்கும் விடையளிப்பவருக்கும் இடையிலிருந்த அதிகாரம் மறைக்கப்படுகின்றது என்பது அவர் வாதம்.

றொசால்டோவின் வாதம் வலுவானது. அதனை ஏற்காது மொந்தாயுவைப் பற்றி எதுவும் எழுதலாகாது. ஆயின் அதனை ஏற்றதும் பதிவேட்டை மூடிவிட வேண்டியதில்லை என்றே எமக்குத் தோன்றுகின்றது. ஆயர் கேட்ட வினாக்களுக்கான விடைகளுக்கும், அவர் கேளாது வந்தவற்றுக்கும் வேறுபாடுண்டு. 'பேதகனைக் கண்டாயா, யார் உடனிருந்தனர்?' என்பது வினா. பெலோ வீட்டிற் பணிப்பெண்ணாயிருந்த ரேமோந்த் தெஸ்தனியேர் அதற்கு விடையளிக்கையில், முற்றத்து மூலையிலிருந்த சாணக் குவியலின்மீது ஏறி, சுவரின் இடைவெளியூடாக மேலறையை நோக்கியதைக் கூறுகின்றார். மன்றுக்குத் தேவைப்பட்டது அறைக்குள் இருந்தவரின் பெயர். சாணக் குவியலும், சுவரின் இடைவெளியும், தன் எசமானரின் இரகசியத்துக்குள் அனுமதிக்கப்படாத பணிப்பெண்ணின் நிலையும் நமக்குரியவை. அவற்றைப் புனைவதால் அவருக்கு இலாபமேதுமில்லை.

இவ்வகையில் மிகவும் உள்ளத்தைத் தொடும் பகுதி ஆர்க் என்னும் ஊரைச் சேர்ந்த சிபில் பியேர் என்பவரது வாக்குமூலம். ஓராண்டும் நிறையாத அவரது பெண்குழந்தை நோயுற்று இறக்குந் தறுவாயில் 'நல்ல மனிதர்' ஒருவர் அதற்கு ஆறுதற் சடங்கை ஆற்றினார். அச்சடங்கின் பின்னர் பால் உட்பட எதனையும் ஊட்டலாகாது என்பது விதி. கணவனும் அதனையே வற்புறுத்தி வெளியே சென்றார். தாய் பொறுக்கமாட்டாது குழந்தைக்கு முலையூட்டினார். இதனாற் சினமுற்ற கணவன் நெடுங்காலம் தன்னை நேசிக்கவில்லை எனவும் அவர் கூறியுள்ளார். விசாரணை மன்றின் முன் நிற்கும் ஒருத்திக்குப் பேதகரின் விதியை மீறியதைச் சொல்வது நன்மையே என்பதை மறுக்கவியலாது. ஆகவே பாலூட்டிய செயலை அவர் தம் நலங்கருதிச் சொன்னாரென ஐயுற இடமுண்டு. கணவனின் அன்பு விலகியதைச் சொன்னதற்கு அவ்விளக்கம் போதாது.

மேலும், கதார் மதத்தவரும் அல்லாத, திருச்சபையின் போதனைக்கும் இசையாத எண்ணங்கள் பல பதிவேட்டில் உள்ளன. ஓர்னொலாக் என்னும் ஊரைச் சேர்ந்த பெண்ணொருவர், தலை வெட்டுண்ட வாத்தின் உயிர் குருதியோடு வெளியேறக் கண்டு, ஆன்மா என்பது குருதியன்றி வேறில்லை என்று எண்ணினார். எந்தக் குருவும் அவருக்கு இதனைக் கற்பிக்கவில்லை. குடியானவர் பிறர் போதனையை ஏற்போராக மட்டுமே இருந்தனர் என்னும் கருத்து இத்தகைய சான்றுகளால் தளர்கின்றது.

மன்றின் தீர்ப்புகள் ஊரை வறிதாக்கின. சிலர் சிறையில் மடிந்தனர்; சிலர் மலைகடந்து கத்தலோனியாவிற் குடியேறினர்; பியேர் மோரி 1324 இற் சிறைத்தண்டனை பெற்றபின் பதிவேட்டிலிருந்து மறைகின்றார். 1348 இல் தொடங்கிய கொள்ளைநோய் எஞ்சியதையும் தாக்கியது. 1390 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊரில் 23 அடுப்புகளே குறிக்கப்பட்டுள்ளன, அரைவாசிக்கும் குறைவு. கோட்டை சிதைந்தது, வீடுகள் குன்றின் மேற்புறத்தை விட்டுக் கீழிறங்கின. பிற்காலத்தில் அகழ்வாய்வாளர் கோட்டையை அண்டிய பழைய குடியிருப்பின் அடித்தளங்களை வெளிக்கொணர்ந்துள்ளனர். இன்று அங்கு நிரந்தரமாக வாழ்வோர் மிகச் சிலரே. கிளெர்க் என்னும் குடிப்பெயர் இருபதாம் நூற்றாண்டிலும் அவ்வூரில் வழங்கியது.